மேட்டுக்கு அந்தப் பக்கம்

மண்ணில் பைக் ஓட்டும் பந்தயத்தை டிவியில் பார்த்துவிட்டு "சும்மா பறக்குறான்ப்பா" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. பறப்பதில் என்ன இருக்கிறது? ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் யார் வேண்டுமானாலும் பறக்கலாம். இறங்குவதுதான் விஷயம். முழு வேகத்தில் மேட்டில் ஏறுகிறவனுக்கு எதிரே வானம் மட்டும்தான் தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம், தான் போய் இறங்கப்போகிற இடத்தில், ஒருவன் விழுந்து கிடக்கிறானா இல்லையா என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. அதைச் சொல்வதற்கென்று உச்சியில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் நான்.

மற்ற நாட்களில் ஐரோலியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத வாடிக்கையாளர்களின் புகாருக்கெல்லாம் பணிவாகப் பதில் எழுதுகிறேன். என் சுபாவத்துக்கு அது எவ்வளவு கொடுமை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பந்தயம் நடக்கும் ஞாயிறுகளில் மட்டும் ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு, மஞ்சள் கொடியும் கையுமாக மேட்டில் போய் நின்றுவிடுவேன். சம்பளம் கிடையாது, மத்தியானம் ஒரு பிரியாணிப் பொட்டலம் உண்டு. என் மாமியார், "கோயிலுக்கு வரச் சொன்னா முட்டு வலிக்கி, புழுதி திங்க மட்டும் ஓடுதாரு" என்பார். சரியாகத்தான் சொல்கிறார். தாராவியில் மெக்கானிக் ஷெட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். இன்ஜின் சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறும். அதற்கு மருந்தே கிடையாது.

கொடிக்கு விதி எளிது. மஞ்சள் கொடி அசைந்தால் யாரும் பறக்கக்கூடாது, முந்தக்கூடாது. சக்கரம் மண்ணை விட்டு எழும்பாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். கொடி பிடிப்பவனுக்கும் ஒரு விதி இருக்கிறது. விழுந்தவனை அவன் பார்க்கக்கூடாது. புனேயிலிருந்து வரும் எங்கள் தலைமை மார்ஷல், ரிட்டயர்டு ஆள், காலையில் ஒவ்வொருவரின் மூக்குக்கு நேராக விரலை ஆட்டி, "பீச்சே மத் தேக்னா!" என்பார். பின்னால் பார்த்தால் கை தானாகத் தாழும். கை தாழ்ந்தால் கொடி தாழும். வருகிறவனுக்கு அந்த ஒரு நொடி போதும்.

சொல்வது சுலபம். நம் ஊர்க்காரன் ஒருவன் கீழே விழுந்தால் நம்மால் பார்க்காமல் இருக்க முடியுமா? பம்பாயில் யாராவது ரோட்டில் விழட்டும், நாலாபக்கமிருந்தும் ஓடி வந்து, தூக்கி உட்கார வைத்து, ஹெல்மெட்டை உருவி, வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். தங்கமான மனசு. கழுத்து எலும்பு விட்டுப்போனவனை அந்தத் தங்கமான மனசே கட்டிலோடு முடக்கிவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவள் என் மனைவி. செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் டாக்டர்.

முன்பெல்லாம் பந்தயத்துக்கு வந்த டாக்டர் கூடாரத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து போன் பார்ப்பார். அவரைப் பற்றி நான் வீட்டில் புலம்பிப் புலம்பி, ஒருநாள் அவளே, "புலம்பாதிய, நான் வாரேன்" என்றாள். வந்தவள் கூடாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்த மேடு ரொம்ப மோசம் என்று கேட்டாள். பெரிய மேடு என்றார்கள். அதன் இறங்கு பக்கத்தில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அது அவள் இடம்.

அதனாலேயே எனக்குப் பெரிய மேடு கிடைக்காது. ஒரே வீட்டு ஆட்களை ஒரே இடத்தில் போடக்கூடாது என்பது புனேக்காரரின் சட்டம். காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. என்னை எப்போதும் ஏதாவது ஒரு சப்பை வளைவில் போடுவார். ஆனால் மழை முடிந்து நடந்த முதல் பந்தயத்தன்று ஹார்பர் லைனில் மெகா பிளாக். ரயில் இல்லாமல் கொடிக்காரர்கள் பாதிப் பேர் வந்து சேரவில்லை. புனேக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு வழியில்லை. பெரிய மேட்டைக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவளிடம் போய்ச் சொன்னேன். "கொடியப் பாத்துப் பிடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டப் போய்விட்டாள்.

பந்தயம் தொடங்கியது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது! இருபது பைக்குகளின் உறுமல் முதலில் காதில் கேட்பதில்லை, வயிற்றில் கேட்கும். முதல் வளைவில் மொத்தக் கூட்டமும் ஒரே புழுதியாகத் திரண்டு, பிய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக என் மேட்டை நோக்கி வந்தது. என் முட்டிக்கு நேராகச் சக்கரங்கள் கடந்து போயின. முகத்தில் மண் அறைந்தது. நான் கத்திக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், சந்தோஷத்தில்தான்.

நாசிக்கிலிருந்து வந்த ஓர் இளைஞன் நடுவில் வந்தான். அவன் மேட்டை விட்டு எழும்பியபோதே இன்ஜின் ஒரு கணம் இருமியது. வேகம் போதவில்லை. என்னைத் தாண்டிப் போனவனின் பின்சக்கரம் உச்சி விளிம்பில் தட்டிய சத்தம் கேட்டது. பிறகு உலோகம் மடங்கும் சத்தம். பிறகு லொத்தென்று ஒன்று. வேடிக்கை பார்த்த கூட்டம் ஒரே குரலில் "ஆ!" என்றது.

நான் பார்க்கவில்லை. கை தானாக உயர்ந்துவிட்டது. கொடியை ஆட்டினேன், ஆட்டினேன், தோள் கழன்றுவிடும் போல ஆட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக வேகத்தைக் குறைத்து, உருட்டி, ஓரமாக இறங்கினார்கள். சபாஷ் ராஜாக்களே என்று ஒவ்வொருவனையும் மனசுக்குள் கொஞ்சினேன்.

முதுகுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் எனக்குக் காது வழியாகத்தான் வந்தது. அவள் ஓடி வரும் காலடி. தடுப்பைத் தாண்டி வந்துவிட்ட யாரோ "பானி, பானி" என்கிறார்கள். அவள், "ஹாத் மத் லகாவ்! யாரும் தொடக்கூடாது! தண்ணி கொண்டுட்டு வந்தவன் அத்தனை பேரும் வெளிய போங்கல!" என்று ஹிந்தியும் திருநெல்வேலியுமாகக் கலந்து விரட்டுகிறாள். அவள் போடும் அதட்டலில் மொழி தெரியாதவனும் ஓடுவான். பிறகு குரல் தணிகிறது. "ஹில்னா மத், பேட்டா. அசையாதே. நான் பிடிச்சிருக்கேன்." இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முட்டி போட்டு, ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் கை வைத்து, தலையைக் கழுத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஆளைத் தூக்கும் பலகை வந்து, தலையைப் பட்டை போட்டு இறுக்கும்வரை அந்தக் கையை எடுக்கக்கூடாது. எது நடந்தாலும் எடுக்கக்கூடாது.

வாக்கி-டாக்கியில், பந்தயத்தை நிறுத்துங்கள், சிவப்பு, சிவப்பு என்று கத்தினேன். சிவப்பைக் காட்டிவிட்டோம் என்று பதில் வந்தது. ஆனால் சிவப்புக் கொடி காட்டுவது தொடக்கக் கோட்டில். முதலில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்தக் கோட்டை அதற்கு முன்பே தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. இனி அவர்களுக்கும் என் மனைவிக்கும் நடுவில் இருப்பது நான் ஒருவன்தான்.

வந்தார்கள். கோலாப்பூர்க்காரன் ஒருவன், பெங்களூர்க்காரன் ஒருவன், தோளோடு தோள் உரசிக்கொண்டு. அன்று காலையிலிருந்தே இரண்டு பேருக்கும் முறைப்பு. பெங்களூர்க்காரன் கொடியைப் பார்த்துவிட்டான். அவன் சத்தம் சட்டென்று குறைந்தது. கோலாப்பூர்க்காரன் அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. இன்னும் முறுக்கினான். கண்ணாடி முழுக்க மண். தலையைச் சாய்த்துப் பக்கத்து ஆளைப் பார்க்கிறானே தவிர என்னைப் பார்க்கவில்லை. அந்த இன்ஜின் சத்தம் ஒரு இம்மிகூட இறங்கவில்லை.

அப்போது திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வந்த வெறி, என் வாழ்க்கையில் வேறு எதற்கும் வந்ததில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தலாம். எழுந்து ஓடு என்று சொல்லலாம். சொன்னாலும் கையை எடுத்துவிட்டு ஓடுகிறவளா அவள்? பயத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. உச்சியிலிருந்து குதித்தேன். ஏறு பக்கத்துச் சரிவின் நட்டநடுவில், பாதையில், அவன் சக்கரத்துக்கு நேராக.

பார்த்துவிட்டான். பிரேக் போட்டான், பைக் குறுக்கே படுத்துச் சறுக்கியது, ஹேண்டில் என் தொடையில் இடித்து என்னை மல்லாத்தியது. எழுந்து ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "பாகல் ஹை க்யா? மர்னா ஹை?" என்று கத்தினான். சாகவேண்டுமா என்று என்னைக் கேட்கிறான்! அவ்வளவுதான். மண்ணில் கிடந்தபடியே, தாராவியில் பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த பம்பாய் ஹிந்தி மொத்தத்தையும் அவன் தலையில் கொட்டினேன். அவன் அம்மா, அப்பா, அவன் பைக்கின் அப்பா, யாரையும் விடவில்லை. குறிப்பாக ஒரு வார்த்தை, எங்கள் சந்தில் சின்னப் பிள்ளைகள் சொன்னால் பல்லைத் தட்டுவார்கள், அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இங்கே எழுத முடியாது.

அவன் என்னை அடிக்கத்தான் வந்தான். வந்தவன் நாலு அடி மேலே ஏறி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். கண்ணாடியைக் கழற்றினான். பிறகு கீழே இறங்கி, தன் பைக்கைப் பாதைக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு, என் கொடியை வாங்கிக்கொண்டான். "தும் ஜாவ் சாச்சா. மைன் கடா ஹூன்" என்றான். நீங்கள் போங்கள் சித்தப்பா, நான் நிற்கிறேன் என்று. பெங்களூர்க்காரனும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டான்.

அப்போதுதான் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் பார்த்தேன். நாசிக் பையன் மல்லாந்து கிடந்தான். அவள் அவன் தலைமாட்டில் முட்டி போட்டிருந்தாள். இரண்டு கையும் ஹெல்மெட்டில். நான் நினைத்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. அவன் முகத்தின் மேல் முழுசாகக் கவிழ்ந்திருந்தாள். காதில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பலகை வந்தது, பட்டை இறுகியது. ஆம்புலன்ஸில் ஏறும்வரை அவள் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இங்கே ஒருத்தன் சக்கரத்துக்கு முன்னால் குதித்திருக்கிறான், ஒரு பார்வை பார்த்தால் என்ன?

ஒரு ஆட்டோவைப் பிடித்து, நொண்டிக்கொண்டே அவர்கள் போன ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் அறைக்கு வெளியே நீள நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். முட்டி வரைக்கும் சிவப்பு மண்.

"கால் அசையுது. கழுத்துல ஒரு எலும்பு விரிஞ்சிருக்கு, நரம்புக்கு ஒண்ணுமில்ல. நடப்பான்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். பாராட்டு வாங்கும் ஆசை யாரை விட்டது? "பைக் வாற சத்தம் கேட்டும் நீ அசையவே இல்லியே. எம்மேல அவ்வளவு நம்பிக்கையா?" என்று கேட்டேன்.

"நம்பிக்கையா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சத்தம் கொறையவே இல்ல. நிமிந்து மேட்டப் பாத்தேன். உங்க முதுகு அங்கன இல்ல."

எனக்கு உடனே புரியவில்லை. நான் குதித்தது ஏறு பக்கத்தில். அவள் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால், உச்சியில் நின்ற ஆள் காணாமல் போயிருப்பான்.

"அடிச்சித் தூக்கிட்டான்னு நெனச்சேன்" என்றாள். "அடுத்து எங்க மேலதான் வந்து விழப் போறான்னு. கைய எடுத்தா அந்தப் பையன் கழுத்து போயிரும். எடுக்க முடியாதுல்லா. அதான் அவன் மூஞ்சி மேல குனிஞ்சி கண்ண மூடிக்கிட்டேன். அப்பம்தான் அந்தப் பக்கத்துலேருந்து நீங்க அசிங்கமா ஏசுறது கேட்டுச்சு."

நான் தொடையைத் தடவிக்கொண்டிருந்தேன். நர்ஸ் ஒருத்தி ட்ரேயோடு எங்களைக் கடந்து போனாள். அவள் போகும்வரை என் மனைவி பொறுத்திருந்தாள்.

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"எதை? இங்கனயா?"

"சொல்லுங்க."

அவள் காதருகே குனிந்து, மெதுவாகச் சொன்னேன். அவள் என் ஆரஞ்சு சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.