அய்யாவு தினமும் கேட்ட கேள்வி

மரவள்ளிக் கொல்லையில் களை பிடுங்கும்போதுகூட மருதம்மாள் நொடிக்கொரு தரம் நிமிர்ந்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் பார்த்துக்கொள்வாள். வாசலில் அய்யாவு உட்கார்ந்திருக்கிறாரா? இருந்தால் மூச்சு வரும். அவர் தலை தெரியாவிட்டால் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

அய்யாவு அவள் புருஷன். புக்கிட் செலம்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் கித்தா மரத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. தான் தினமும் பால் வெட்டிய மரங்களுக்கு நடுவிலேயே ஒருநாள் வழி தெரியாமல் நின்றார். பிறகு, சாப்பிட்டது மறந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் அவர்களுடைய ஒரே மகன் அழகேசனை, சயாமில் ரயில் பாதை போட மூன்று மாத வேலை என்று சொல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. ஒரு தகவலும் இல்லை.

"அழகேசன் எங்க, புள்ள?"

விடிந்தால் அய்யாவு இதைத்தான் கேட்பார். முதலில் அவள் உள்ளதைச் சொன்னாள். "சயாமுக்குப் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டானுங்க. நேத்தே சொன்னேன்ல?" அவருக்கு அது அன்றுதான் புதிதாக விழும். மார்பில் அடித்துக்கொண்டு அழுவார். அடங்க மதியமாகும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கேள்வி, அதே அழுகை.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "எத்தன வாட்டிதான் சொல்றது? மண்டையில ஏறாதா?" என்று கத்திவிட்டாள். அய்யாவு சுவரோடு ஒண்டிக்கொண்டார். அன்று முழுக்க அவள் நீட்டிய கஞ்சியை வாங்கவில்லை. ஏன் கோபம் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை.

அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள்தான் சொன்னாள். "சேதிதான் அவருக்கு மறந்து போவுது, அக்கா. நீ போட்ட சத்தம் உள்ளயே நிக்குது பாரு."

மருதம்மாள் அன்றிரவு வெகுநேரம் அதையே யோசித்தாள். மறுநாள் கேள்வி வந்தபோது, "திகாம் பத்து டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருக்கான். வந்துருவான்லா" என்றாள். அய்யாவு தலையாட்டினார். சாப்பிடு, உட்கார் என்று சொன்னால் முரண்டு பிடிப்பவர், "கை வலிக்குது, இந்தக் கிழங்கை உரிச்சுக் குடுங்களேன்" என்று கேட்டால் உடனே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார் என்பதையும் மெல்லக் கண்டுகொண்டாள். உரித்துக்கொண்டே இருவரும் பேசுவார்கள். பல நாள் சிரிக்கவும் செய்தார்கள்.

அந்தப் பொய்யே ஒருநாள் வினையாயிற்று. பிள்ளை சுமக்க மாட்டாமல் சுமந்து வருவானே என்று அவனைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டார் அய்யாவு. மருதம்மாள் கிழங்குக் கூடையோடு அப்படியே ஓடினாள். திகாம் பத்து போகும் சாலையில், பாலத்தருகே ஜப்பான் சிப்பாய் ஒருவன் காவல் நிற்பான். இடுப்பு வளையக் கும்பிடு போடாமல் யாரும் அவனைத் தாண்ட முடியாது. போன வாரம்தான் ஒரு சீனக் கிழவரை வெயிலில் மண்டியிட வைத்து அடித்திருந்தான்.

அவள் போய்ச் சேரும்போது அய்யாவு நிமிர்ந்தபடி அவன் முகத்துக்கு நேரே நின்றிருந்தார். சிப்பாய் கத்தினான். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான்.

"குனிங்க" என்று வாய்வரை வந்த வார்த்தையை மருதம்மாள் விழுங்கினாள். சொன்னால் விறைத்து நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். கூடையை அவர் காலடியில் கவிழ்த்தாள்.

"ஐயோ, கிழங்கெல்லாம் கொட்டிப்போச்சே! கொஞ்சம் பொறுக்கிக் குடுங்க."

அய்யாவு உடனே குனிந்தார். அவளும் அவர் பக்கத்தில் நின்று சிப்பாயைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தாள். இரண்டு முதுகுகளும் வளைந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றவன், கட்டையை இறக்கி, போ என்று கையைக் காட்டினான். லயம் வந்து சேரும்வரை அவர் கையை அவள் விடவில்லை. அன்றிலிருந்து அழகேசன் பின்பக்கக் காட்டில் விறகு வெட்டுவதாகச் சொன்னாள். அங்கே சாலை இல்லை.

அடுத்த வருஷம், அழகேசனோடு அதே லாரியில் போய்ச் சயாமிலிருந்து தப்பிய பக்கிரிசாமி, காலெல்லாம் புண்ணாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். மருதம்மாளைக் கொல்லைக்கே தேடி வந்து, "வாந்திபேதி, அக்கா. ரெண்டே நாளுதான். நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றான்.

அவள் அழாமல் வீட்டுக்கு நடந்தாள்.

"அழகேசன் எங்க, புள்ள?"

விறகு வெட்டப் போயிருக்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவனைப் பெற்றவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். வேறு யாரிடம் போய் அழுவது?

"நம்ம புள்ள செத்துட்டான்" என்றாள்.

அய்யாவு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பொழுது சாயும்வரை இருவரும் சேர்ந்து அழுதார்கள். விளக்கு வைத்ததும் அவர் முகம் தெளிந்தது. "அழகேசன் இன்னும் வரலியே?" என்றார். விறகு அதிகம், நேரமாகும் என்றாள் மருதம்மாள். பிறகு ஒருபோதும் அவள் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் போன மறு வருஷம் காய்ச்சலில் அய்யாவு கண்மூடினார். கடைசி மாதங்களில் அவள் பெயரும் அவருக்குத் தெரியவில்லை. அவள் அருகே வந்தால் மட்டும் பாயில் சற்று நகர்ந்து இடம் விடுவார்.