சூரியன் கக்கிய வாரம்

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி விசுவலிங்கத்துக்கு நாக்கில்தான் உத்தியோகம் என்பாள் ராஜம்மா. ஜெராம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் கை காய்த்துப்போனவள் அவள். வாயளப்பவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தொன்பது மார்ச்சில் கிராணியின் சிற்றலை வானொலி இரைந்ததோடு சரி, பாட்டில்லை, செய்தியில்லை. காரணத்தைப் பேப்பரில் படித்த மனுஷன் அன்று சாயங்காலமே கோயில் வாசலில் கூட்டம் கூட்டிவிட்டார்.

“சூரியன் கக்கியிருக்கு, கேட்டியளோ. கக்கின வாயு பறந்து வரேக்க முன்னால ஒரு அதிர்வலை ஓடும். அதில அகப்பட்ட துகள் அலைக்கு முன்னும் பின்னும் முட்டுப்பட்டு, ஒவ்வொரு முட்டுக்கும் வேகம் கூடி, கடைசியில குண்டு மாதிரிப் பாயும்.”

பூமியின் காந்தமும் காற்றும் அந்தக் குண்டைத் தடுத்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். சொன்னால் கூட்டம் கலைந்துவிடுமே. ஆகவே சொல்லவில்லை. வெட்கங்கெட்ட மனுஷன்.

வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்காரர்கள் அதைக் கிரகணமாகவே எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர்ப் பானையில் தர்ப்பை விழுந்தது. ராஜம்மாவின் மகள் லீலாவதி நிறைமாதக்காரி. அவளை வீட்டுக்குள் வைத்துச் சன்னலைச் சாக்கால் மூடினார் அவள் மாமனார், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முருகையா. மறுநாள் காலையில் வலி கண்டது. தலைப்பிள்ளை. மத்தியானமாகியும் வலி ஏறியதே தவிர பிள்ளை இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

“பொழுது சாயட்டும் லா. வெளிய கொண்டுபோனா பிள்ளை குறையாப் பொறக்கும்,” என்றார் முருகையா.

தோட்டத்து வேன் சாவி கிராணியிடம். ராஜம்மா ஓடிப்போய் அவரைக் கையோடு இழுத்து வந்து மண்டோர் முன்னால் நிறுத்தி, கிராணியிடமே கேட்டாள்.

“ஐயா, நாளைக்குக் காலைல பிரட்டுல வரிசையா நிக்கவச்சுப் பேர் கூப்பிட்டு ஆளுங்கள பால்வெட்டுக்கு அனுப்புவீங்களா?”

“ஓம். ஏன்?”

“வயித்துப் பிள்ளைக்காரிங்களையும்?”

“ஓம்.”

“வெட்டுக்குப் போனா படாத குண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனா மட்டும் படுமா?”

விசுவலிங்கம் முருகையாவைப் பார்த்தார், சன்னல் சாக்கைப் பார்த்தார். “அது... நிலத்தில நிக்கிற ஆக்களை ஒண்டும் செய்யாது,” என்று முனகினார்.

“அத நேத்தே சொல்லியிருந்தா வாய் வெந்துருமா?”

முருகையா வாசலை விட்டு ஒதுங்கிக்கொண்டார்; வேன் கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டர்.

தாயும் பிள்ளையும் லயத்துக்கு வந்த பிறகு, விசுவலிங்கம் ஒரு டின் பால்மாவோடு பார்க்க வந்தார். ராஜம்மா டின்னை வாங்கிக்கொண்டாள்.

“உக்காருங்க, கிராணி,” என்றாள். ஐயா என்று அவள் அவரை அழைத்தது அந்த மத்தியானத்தோடு முடிந்துபோயிற்று.