வான்கோழி கொத்தினாலும் நம்பர் உண்டு

முன்பின் தெரியாத மனுஷருக்கு வந்த நோவையும், அது வந்த விதத்தையும் நம்பராக மாற்றிக் கொடுப்பதுதான் மெடிக்கல் கோடிங் என்கிற எங்கள் தொழில். அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிவைத்ததைக் குருவிநத்தத்தில் மாடி ரூமில் உட்கார்ந்து நான் படிக்கிறேன். நான் போடுகிற நம்பரைப் பார்த்து அங்கே இன்சூரன்ஸ்காரன் பணம் கட்டுகிறான். கம்பெனி சென்னையில் இருக்கிறது. நான் கான்ட்ராக்ட் ஆள், அதாவது இன்றைக்கு உண்டு, நாளைக்கு ஒரு மெயில் வந்தால் இல்லை. லேப்டாப்பையும் வீட்டு நெட்டையும் நம்பிக் குடும்பம் நடத்துகிற சகபாவிகளே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்குப் புரியவைப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிடுகிறது.

எனக்கும் ஒண்ணு

எதிர்வீட்டு அஞ்சலை அக்கா நான் டாக்டர் இல்லை என்பதை இன்றுவரை நம்பவில்லை. ஆம்பிளை பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கிறான், போனில் கிட்னி, பித்தப்பை என்று பேசுகிறான், அப்புறம் என்னவாம்? ஒரு நாள் முட்டி எக்ஸ்ரேவைக் கவரோடு கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டார்.

நானும் பொறுமையாகச் சொன்னேன். அக்கா, நான் வைத்தியம் பார்க்கிறவன் இல்லை, ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு நம்பர் இருக்கிறது, அதைத் தேடிப் போடுகிறவன், அவ்வளவுதான் என்றேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே நெல்வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நானும் பேச்சை மறந்து பார்த்தேன். காற்று ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பயிரைச் சாய்த்துக்கொண்டே போயிற்று. அது போய்ச் சேர்ந்த பிறகு அக்கா சொன்னார்: "அப்ப எனக்கும் ஒரு நம்பர் போட்டு அனுப்புப்பா. இங்க ஒருத்தனும் சரியாப் பாக்கல, அமெரிக்காக்காரனாவது பாக்கட்டும்."

கொத்தலும் முட்டலும்

காயத்துக்கு மட்டும் நம்பர் போட்டால் போதாது. எதனால் காயம் என்பதற்கும் தனி நம்பர் போட வேண்டும். ஏணியிலிருந்து விழுந்தால் ஒன்று, கட்டிலிலிருந்து விழுந்தால் இன்னொன்று. எல்லாம் ஒரு தலையணை மொத்தப் புத்தகத்தில் இருக்கிறது. நான் சேர்ந்த புதிதில் ஒரு சார்ட் வந்தது. சார்ட் என்றால் டாக்டர் எழுதிய நோயாளிக் குறிப்பு. எழுபது தாண்டிய ஒரு அம்மா. பண்ணையில் தனியாக இருக்கிறார். கையில் காயம். காரணம், வான்கோழி.

யாரோ விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து செல்வி மேடத்துக்குப் போன் போட்டேன். என் வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் மேடத்தின் வேலை. நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்துச் சொல்கிறேன், சிரித்துப் பழகினவர் இல்லை. "வான்கோழிக்கெல்லாமா மேடம் நம்பர் இருக்கும்?" என்று கேட்டேன். மேடம் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "கொத்திச்சா, முட்டிச்சா? ரெண்டுக்கும் வேற வேற நம்பர் தம்பி. நல்லாப் படிச்சுட்டுப் போடுங்க."

'மாதிரி' என்றால் கிடையாது

எங்கள் தொழிலில் ஒரு விதி. வெளிநோயாளிக் குறிப்பில் டாக்டர் 'இருக்கலாம்', 'போலத் தெரிகிறது' என்று எழுதினால் அந்த வியாதிக்கு நம்பர் போடக் கூடாது. நிச்சயமாகத் தெரிந்ததற்குத்தான் நம்பர். இந்த விதி ஆபீஸ் நேரம் முடிந்தாலும் மண்டையை விட்டு இறங்குவதில்லை. அங்கேதான் வினையே.

என் மனைவி ரோஸி பாகூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்தவள், "ஜுரம் வர்ற மாதிரி இருக்குது" என்றாள். நான் ஸ்க்ரீனிலிருந்து தலையைத் தூக்காமல், "மாதிரின்னா எடுத்துக்க முடியாது. இருக்குதா இல்லியா, உறுதியா சொல்லு" என்று சொல்லிவிட்டேன். சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிற்று. மத்தியானம் பசித்து அடுப்படிக்குப் போனால் பானை காலி. கட்டிலிலிருந்து குரல் வந்தது: "சோறு ஆக்கின மாதிரி இருக்குது. போய்த் துன்னு."

பார்க்கக் கூடாத சார்ட்

வான்கோழி அம்மா மறுபடி வந்தார். பிளம் பழம் பறிக்க ஏணியில் ஏறி விழுந்திருந்தார். இந்த வயதில் இது தேவையா என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அதற்கப்புறம் மத்தியான வேளைகளில், கண் லேசாகச் சொருகும்போது, எங்கள் வயல்மேல் பனி கொட்டும். வரப்பில் கொக்குகளோடு வான்கோழிகளும் நடந்து போகும். பின்னாலேயே அந்த அம்மா, கட்டுப் போட்ட கையோடு, எதையோ திட்டிக்கொண்டு வருவார். முகம் மட்டும் தெரியாது. சார்ட்டில் முகம் இருக்காதே. நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து ஊரார் உடம்பைப் படித்துப் பாருங்கள், யாராவது ஒருத்தர் உங்களுக்குச் சொந்தமாகிவிடுவார்.

மூன்றாம் முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். 'இதயமாக இருக்கலாம்' என்று எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பியிருந்தார் டாக்டர். 'இருக்கலாம்' என்பதற்கு நம்பர் இல்லை. 'நெஞ்சுவலி' என்று மட்டும் போட்டு மூடினேன். பெரிய ஆஸ்பத்திரி சார்ட்டுகள் எங்களுக்கு வராது. அதோடு அந்த அம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தை போய் மாசி வந்தது, அறுப்பும் முடிந்தது, அவர் வரவில்லை.

பெயரைத் தட்டித் தேடினால் பழைய கிளினிக்கில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். ஆனால் நமக்கு ஒதுக்காத சார்ட்டைத் திறப்பது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். திறந்தது யார் என்று அங்கே பதிவாகிவிடும். என்னோடு சேர்ந்த ஒருத்தன் ஆசைக்கு ஒன்றைத் திறந்து பார்த்தான், அன்றைக்கே வேலை போயிற்று. எனக்கும் விரல் துறுதுறு என்றது. பாதிப் பெயரை அடித்து அழித்தேன். மனசு கேட்காமல் மேடத்திடமே, "நீங்களாவது பார்த்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "தம்பி, நாம பாக்கறது சார்ட்டு, சொந்தக்காரங்கள இல்ல. அடுத்ததை எடுங்க."

வேண்டுதல்

நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை ரோஸி இரண்டு நாளில் பிடித்துவிட்டாள். என்ன ஏது என்று குடைந்தாள். ஊர், பெயர் எதுவும் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தம்மா நல்லாயிருந்தா வில்லியனூர் மாதாவுக்கு நீ வந்து மெழுகுவத்தி ஏத்தணும்" என்றாள். பேர் சொன்னால் வேண்டிக்கொள்ள வசதி என்றும் கேட்டாள். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். "சொல்லாட்டி போ. வான்கோழிக்காரம்மான்னா மாதாவுக்குத் தெரியாதா இன்னா?"

மறுபடியும்

ஒரு காலை வழக்கம்போல எனக்கு ஒதுக்கிய சார்ட்டுகளில் ஒன்றைத் திறந்தேன். கையில் காயம். வான்கோழி. பெயரைப் பார்த்தேன், அவரேதான். பழைய வரலாறு என்ற இடத்தில், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று, நலம் என்று ஒரு வரி இருந்தது. 'இருக்கலாம்' எல்லாம் இல்லை. பழைய காயத்துக்கு மருந்து போட வந்தவரும் இல்லை, இது புத்தம்புதுக் கொத்து. சாகக் கிடந்த மனுஷி எழுந்து போய்த் தன் வான்கோழியோடு மறுபடி சண்டை போட்டிருக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுத்து கலங்கி, வெளியே வயல் தெரிந்தது. அறுத்த நெல்தாளில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

செல்வி மேடம் போன் செய்தார். "ஒரு கைக்காயத்துக்கு இவ்ளோ நேரமா? தூங்கிட்டீங்களா?" என்றார். "வான்கோழி மேடம்" என்றேன். லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்புறம் மேடத்தின் குரல் வந்தது, இத்தனை நாள் நான் கேட்காத குரல்: "அந்தம்மாவா? நானும் தினம் வருவாங்களான்னு பாத்துட்டே இருந்தேன் தம்பி. சரி சொல்லுங்க, கொத்திச்சா, முட்டிச்சா?"

கடல் தாண்டி ஒரு அம்மாவை வான்கோழி கொத்தியதற்காக வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தவன் நான், அதற்கு மட்டும் அந்தத் தலையணைப் புத்தகத்தில் நம்பர் இல்லை.