ஹாபுவுக்கு வைத்த கம்பு

சுமியே அத்தாரி அந்தத் தீவுக் கிராமத்துக்குத் தலைவி என்று பெயர்தான். பார்ப்பதெல்லாம் எடுபிடி வேலை. பகலெல்லாம் பள்ளிச் சமையற்கட்டில் வெந்துவிட்டு வந்தால் சாயங்காலம் ஊர் காத்திருக்கும். தெருவிளக்கு எரியவில்லையா, சுமியே. எவன் ஆடோ முள்ளங்கியை மேய்ந்துவிட்டதா, சுமியே. இத்தனைக்கும் நடுவில் அவள் உயிரை வாங்கியது ஒரு கம்பு.

ஜப்பானின் அமாமித் தீவில் ரோட்டோர மின்கம்பங்களில் ஆளுயரக் கம்பு சாத்தி வைத்திருப்பார்கள். ஹாபு என்கிற பாம்பு குறுக்கே வந்தால் அடிப்பதற்கு. கடித்தால் சதையே அழுகிப்போகிற விஷம். ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம். கரும்புத் தோட்ட வளைவில் மட்டும் கம்பு நிற்கவில்லை. சுமியே வெட்டிக்கொண்டு வந்து வைப்பாள், இரண்டு நாளில் காணாமல் போகும்.

எடுத்தது யார் என்று ஊருக்கே தெரியும். வளைவு வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த யுவான்லி. சீனாவிலிருந்து ஒசாகாக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வீட்டு அவரைப் பந்தலில் கம்புகள் வரிசையாக நின்றன. ஆனால் சொல்ல ஒருவருக்கும் வாய் இல்லை. பொழுது சாய்ந்தபின் ஹாபுவின் பெயரைச் சொன்னால், கூப்பிட்ட மரியாதைக்கு வந்துவிடுமாம். யுவான்லி வேலை முடிந்து வருவதோ பொழுது சாய்ந்த பிறகு.

“நீதானே தலைவி, நீயே போய்ச் சொல்லு” என்றார் எதிர்வீட்டுத் தொகுசிரோ. சட்டமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

சுமியே போனாள். “ஏம்மா யுவான்லி, அந்தக் கம்பை எடுக்காதே.”

“கேட்பாரில்லாம கிடந்துச்சேக்கா. எதுக்கு அது?”

“அது... ஒண்ணு வரும். அதுக்கு.”

“எது வரும்?”

“இந்த நேரத்துல சொல்லக்கூடாதும்மா!”

யுவான்லி கண்ணை அகல விரித்தாள், பிறகு சிரித்துவிட்டாள். “பேயாக்கா? பேய் என் அவரைக்காயைத் தின்னாதுக்கா!”

சுமியேவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சரி, ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊர்க்கூட்டம், துக்க வீடு, புயல் எச்சரிக்கை. மறுபடி ஒரு கம்பு வெட்டினாள். அதுவும் போயிற்று.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், யுவான்லியின் மகள் மடோகா அம்மாவை எதிர்கொள்ள வளைவை நோக்கி ஓடிவந்தாள். இந்தப் பக்கமிருந்து சுமியே வந்துகொண்டிருந்தாள். நடு ரோட்டில், ஈரத்தில், சுருண்டு கிடந்தது அது. சுமியேயின் கை மின்கம்பத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. குழந்தையோ ஓடிவருகிறது.

“ஹாபு! மடோகா, ஹாபு! அங்கயே நில்லு!”

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பெயர். குழந்தை ஆணியடித்தது போல நின்றாள். தலையைத் தூக்கிப் பார்த்த ஹாபு, என்ன நினைத்ததோ, கரும்புக்குள் இறங்கிப் போயிற்று.

சுமியேவுக்குப் பின்னாலேயே வேலையிலிருந்து வந்த யுவான்லி, போகிற பாம்பைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டாள். பொரிந்து தள்ளினாள். “பாம்புக்கா வெச்ச கம்பு? வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்களா? எங்க மலையில அஞ்சடிப் பாம்புன்னு ஒண்ணு. கடிச்சா அஞ்சடி வைக்கிறதுக்குள்ள ஆள் விழுந்துடுவான், அதை அந்தப் பேர்லயே சொல்லுவோம். என் வீட்டுக்காரர் ஊர்ல பாம்பைப் பார்த்தா மாமுஷி மாமுஷின்னு ராத்திரி பகல் பார்க்காம கத்துவாங்க. ஒண்ணும் வந்துடலை. பேரு தெரிஞ்சாத்தானேக்கா விலக முடியும்?”

யுவான்லி அப்போதே பந்தலைப் பிய்த்து, கொடி சுற்றியபடியே கம்புகளைக் கொண்டுவந்து போட்டாள்.

விஷயம் ஊருக்குள் வேறு மாதிரி போயிற்று. “இருட்டுற நேரத்துல பேரைச் சொல்லிக் கத்தினியாமே? இனிமே வராம என்ன செய்யும்?” என்றார் தொகுசிரோ.

“அது வந்தப்புறம்தான்யா நான் கத்தினேன்!” என்று சுமியே போட்ட சத்தத்தில் அவர் டீ சிந்தியது.

மறுநாள் மாலை சுமியே, யுவான்லி, மடோகா மூவருமாகக் கம்புகளைத் திரும்பச் சாத்தினார்கள். “அத்தை, நேத்து வந்தது ஹா...” என்று மடோகா ஆரம்பிக்க, சுமியேயின் கை தானாகப் போய்க் குழந்தையின் வாயைப் பொத்தியது.

யுவான்லி கையிலிருந்த கம்பைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

சுமியேவுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. கையை எடுத்தாள். “ஆமாடி கண்ணு, ஹாபுதான்” என்றாள் சத்தமாக. சொல்லிவிட்டு, கரும்புப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.