இருநூறு வருடங்களுக்கு முன் செத்த ஆசாரி

இன்று காலை கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு தமிழரின் பழம்பொருள் கடை. வெலிங்டன் தீவில் கப்பலிறங்கி வந்த வெள்ளைக்கார அம்மாளுக்கும் கடைக்காரருக்கும் நடுவே நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் ஒரு மரப்பெட்டியை விட்டு நகரவில்லை. மூடி முழுக்கச் செதுக்கிய கொடி. ஓர் இலையைப் போல இன்னொன்று இல்லை.

"இதைச் செய்தவரைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

"அந்த ஆளு செத்து இருநூறு வருஷமாச்சுன்னு சொல்லுடா" என்றார் கடைக்காரர்.

செய்தவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்து, பெட்டியைப் பொதிய வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தார். போன மாதம் செதுக்கியது. தேயிலைத் தண்ணீரும் கரியும் பூசிப் பழசாக்கியதும் அவரேதான்.

நான் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். அந்த அம்மாள் ஒரு கணம் தலைகுனிந்து நின்றார்.

அவர் போனதும், "மன்னிச்சிருங்க ஆசாரியாரே" என்றேன்.

"எதுக்கு தம்பி? நான் செத்ததுக்கு ஒரு மதாம்மா தலை குனிஞ்சாச்சு. என் வீட்டுக்காரி அதுகூடச் செய்யமாட்டா."

சிரித்தார். பிறகு மெதுவாக, "ஆனா யாருன்னு கேட்டுச்சே. இத்தன வருஷத்துல மொத ஆளு" என்றார்.

இங்கே அவர் பெயரையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆசாரி என்பதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. உங்களில் யாராவது ஒரு பொருளைச் செய்தவரின் பெயரைக் கேட்டதுண்டா?