கதிரையில் கிடந்த சாரம்

வீடு சந்திக்கும் ஊழியத்தில் முதலில் பழுதாவது வயிறுதான். வாசலுக்கு வாசல் தேநீர், மறுத்தால் மனத்தாங்கல். என்னைப் போல மடத்திலிருந்து தெருத்தெருவாக அனுப்பப்படும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருகோணமலைக்கு வந்த எனக்கு, இந்த முதுமையில், துறைமுகத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைத் தெருவைத் தந்தார்கள்.

குசினியில் செபமாலை

பிலோமினாவின் வீட்டில் நான் எப்போதும் குசினியில்தான் கதிரை போட்டு உட்காருவேன். அவளுடைய கணவன் அமிர்தன் பின்னேரம் படகில் போய் விடியற்காலையில் கரைக்கு வருபவன். அந்தக் குசினியில் மணிக்கூடு கிடையாது. அரிசி கொதித்ததும் அவள் செபமாலையைக் கையில் எடுப்பாள். சோற்றுக்கு மாலையில் இத்தனை மணி, மீன் குழம்புக்கு இத்தனை மணி என்று அவளுக்கு ஒரு கணக்கு. அருள் நிறைந்த மரியே சொல்லும் குரலும் குழம்பு தளதளக்கும் ஓசையும் ஒரே தாளத்தில் போகும். எந்தப் பேராலயத்திலும் நான் அப்படியொரு பாட்டைக் கேட்டதில்லை. இருந்தாலும், செபத்தில் கவனம் சிதறாதா என்று கேட்டுவைத்தேன்.

“சிதறினா என்ன சிஸ்டர்? மாதாவும் அடுப்படியில நிண்டவதானே.”

நான் செய்த உதவி

ஒரு பின்னேரம் பிலோமினா காய்ச்சலோடு படுத்திருந்தாள். அமிர்தன் அப்போதுதான் கடலுக்குப் போயிருந்தான். சும்மா இருக்க மனமில்லாமல், கிணற்றடியில் குவிந்திருந்த துணிகளைத் துவைத்தேன். அமிர்தன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சாரம், எங்கள் ஊர்க் கைலி, கதிரையில் சுருண்டு கிடந்தது. அதையும் சேர்த்து அலசிக் கொடியில் போட்டேன்.

மாமியார் ரோசம்மா வந்து பார்த்தார், முகம் வெளிறிவிட்டது. கடலுக்குப் போனவனின் சாரத்தை அவன் திரும்பும்வரை தோய்க்கக் கூடாதாம். அதில் இருக்கும் அவனுடைய வாசம்தான் அவனை வீட்டோடு கட்டி வைத்திருக்குமாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். ஈரச் சாரத்தை அவர் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

“ஏன் சிஸ்டர், தோய்க்கிறதுக்கு உங்கட மடத்தில உடுப்பு இல்லையோ?”

நெய்தல்

மறுநாள் விடிந்ததும் மற்றப் படகுகள் எல்லாம் வந்தன. அமிர்தனின் படகு வரவில்லை. அவனுடைய போனும் வேலை செய்யவில்லை. கல்லூரியில் நெய்தல் திணையைப் படித்தவள் நான். கடலோரத்துக் காத்திருப்பு எவ்வளவு அழகு என்று பரீட்சையில் எழுதியவள். அந்த வீட்டுப் படலையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. கடைசியில் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

பிலோமினா காய்ச்சலோடு எழுந்து அடுப்படியில் நின்றாள். அந்தச் சாரத்தைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். யாரும் சாப்பிடும் நிலையில் இல்லை. ஆனாலும் மீன் பொரித்தாள், விறகைத் தள்ளிப் புகையை எழுப்பினாள், வியர்வையை அந்தச் சாரத்திலேயே துடைத்தாள். போன வாசத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் முழங்காலிட்டு, உமது சித்தப்படியே ஆகட்டும் என்று தொடங்கினேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“சித்தத்தை ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார் சிஸ்டர். நீங்கள் ஆளைக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கோ.”

கரையில்

அப்படியே கேட்டேன். இத்தனை வருட ஊழியத்தில் கடவுளிடம் அவ்வளவு நேராக நான் எதையும் கேட்டதில்லை.

மத்தியானம் தாண்டி இரண்டு படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குச்சவெளிக்கு நேரே இயந்திரம் நின்றுபோய் மிதந்த அமிர்தனின் படகை, புல்மோட்டை முஸ்லிம் மீனவரான காக்கா ஒருவர் தன் படகில் கட்டி இழுத்து வந்திருந்தார். ரோசம்மா மணலில் உட்கார்ந்து அழுதார். பிலோமினா அழவில்லை, தோளிலிருந்த சாரத்தை எடுத்து நீட்டினாள். உப்பு காய்ந்த உடம்போடு நின்றவன் அதில் முகத்தைத் துடைத்துவிட்டு, “என்னடி இது, முழு வீடும் மணக்குது?” என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

“சிஸ்டர் தோய்ச்சவ. நான் திரும்ப ஊத்தையாக்கினனான். ரெண்டு பேரும் செபம்தான் செய்தனாங்கள்.”

அதன்பின் அந்தத் தெருவில் யார் தந்த தேநீரையும் நான் மறுத்ததில்லை, யார் வீட்டுக் கதிரையில் கிடந்த துணியையும் தொட்டதில்லை.