மிச்சம் மூன்று

தையற்காரி வெட்டுத்துணியில் ஒரு துண்டைக்கூட எறியமாட்டாள். எல்லாவற்றையும் தலையணைக்குள் திணித்துவிடுவாள். "நம்ம தலையணைக்குள்ள ஊர்ச் சட்டை பூரா இருக்கு" என்று கணவன் கேலி செய்வான்.

ஒருநாள், அவளுக்குக் குழந்தைப்பேறு சிகிச்சை கொடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போனில் கேட்டாள்: "உங்க பொண்ணு பிறந்தது போக, மிச்சக் கரு மூணு இன்னும் உறைய வச்சிருக்கோம். அழிச்சிடலாமா, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் குடுக்கறீங்களா?"

மிச்சம் என்பது நாள் முழுக்க அவள் வாயில் புழங்குகிற சொல்தான். அன்றைக்கு அது ஊசியாகக் குத்தியது.

"ஆராய்ச்சிக்கே குடுத்துடலாம். எங்கம்மா கைநடுக்கம் மாதிரி யாருக்காவது தீரட்டுமே" என்றான் கணவன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

சர்ச்சில் யோசனை கேட்டபோது பாதிரியாரோ, "கருவும் கர்த்தர் தந்த உயிர்தாம்மா. ஒருத்தர் பிழைக்க இன்னொருத்தரைப் பலி குடுக்கலாமா? நீயே சுமந்து பெத்துக்க" என்றார்.

"பிரசவத்துலயே கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க, ஐயா. எதுல சுமக்கறது?" வெடுக்கென்று கேட்டாள்.

நர்ஸிடம், "இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அன்று முதல், தூங்கும் மகளுக்குப் போர்வையை இழுத்துவிடும்போதெல்லாம் அவள் கை பாதியில் நின்றுவிடுகிறது. அந்தக் குளிரில் மற்ற மூன்றுக்கும் யார் போர்த்திவிடுவார்கள்?